செங்கமலம் தவிட்டுக்கு வாங்கிய சாத்துக்குடி

அன்னவாசலுக்கும் சித்தன்னவாசல் பாறைக்கும் நடுவில் ரத்தினவேலின் கிணற்றுத் தோட்டம் இருந்தது. தோட்டத்திலேயே ஓர் ஓட்டு வீடு, கமலையில் தண்ணீர் இறைக்க ஒரு சோடி மாடு, ஒரு பசு. இவற்றோடு அவருக்கு வாய்த்த மனைவி செங்கமலம். பயப்படுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இடி இடித்தால் பயம், இடிக்காவிட்டால் மழை பொய்த்துவிடுமோ என்று பயம். பஸ் வேகமாகப் போனால் பயம், வழியில் நின்றுவிட்டால் அதைவிடப் பயம். வீட்டுக்கு யாராவது சிரித்துக்கொண்டே வந்தால், என்ன கெட்ட செய்தியை மறைக்கிறார்களோ என்று பயம்.

1948ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தை மதராஸ் மாகாணத்தோடு சேர்த்துத் திருச்சி ஜில்லாவில் போட்டார்கள். வரி கூடுமா குறையுமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. செங்கமலமோ குதிரில் இருந்த கேப்பையை அள்ளிப் பானை பானையாகக் கட்டித் தோட்டத்தின் மூலைக்கொன்றாகப் புதைத்தாள். ராசா இல்லாத ஊரில் திருடன் வராமல் இருப்பானா என்பது அவள் கணக்கு. திருடன் வரவில்லை, மழைதான் வந்தது. இரண்டு பானை கேப்பை முளைத்து மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தது. ரத்தினவேல் அதைச் சொல்லிச் சொல்லியே பல வருசம் சிரித்தார்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் பயத்துக்கு நியாயம் இருந்தது. தலைப்பிள்ளையும் அடுத்ததும் தொட்டிலிலேயே போய்விட்டன. இரண்டு முறையும் பிரசவம் பார்த்தவள், "செத்தது செத்துப்போச்சு, விடு ஆத்தா" என்று சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொண்டு போனாள். மூன்றாவதாகச் செவந்தி பிறந்து, அதுவும் பால் குடிக்காமல் துவண்டபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்குப் பிள்ளையை விற்றாள் செங்கமலம். இந்தப் பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு விலைபோன பிள்ளை என்றால், காலன் வாசலோடு திரும்பிவிடுவான் என்பது ஊரார் நம்பிக்கை. விற்றவள் மறுநாளே வாங்கியும் கொண்டாள். செவந்தி பிழைத்தாள். அன்றிலிருந்து செங்கமலத்துக்கு இந்த உலகத்தில் நம்பிக்கையான பொருள் தவிடு ஒன்றுதான்.

சாத்துக்குடி வந்தது 1951ல். திருச்சியிலிருந்து ஞானமணி என்ற பழத்தோட்ட ஆபீசர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர். கோபமே வராது, ஆனால் சொன்னதையே மூன்று தரம் சொல்வார். இந்தச் சரளைச் செம்மண்ணில் கடலையையும் கேப்பையையும் விட்டால் வேறு கதியில்லையா, கிணறு வைத்திருப்பவன் பழமரம் வைத்துப் பிழைக்க முடியாதா என்று பார்ப்பதற்காகச் சர்க்காரில் அனுப்பியிருந்தார்கள். சாத்துக்குடியிலேயே நாலு ரகம். வாயில் நுழையாத பேர்கள். கீரனூர்ப் பக்கம் ஒரு தோட்டம், அறந்தாங்கிப் பக்கம் ஒரு தோட்டம், இங்கே ரத்தினவேல் தோட்டம் என்று மூன்று இடத்திலும் நாலையும் வரிசை வரிசையாக நட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு.

"ஒரு வருசம் குலுங்கக் காச்சுட்டு மறு வருசம் கைய விரிக்கிற மரம் வெள்ளாம பாக்குற சம்சாரிக்கு ஆகாதுங்க," என்றார் ஞானமணி. "இங்க நல்லாருந்து அங்கிட்டுப் போயிச் செத்துப்போற மரமும் ஆகாது. எங்க வச்சாலும், எந்த வருசமானாலும், மழை பேஞ்சாலும் பேயாட்டியும் ஒரே மாதிரி நிக்கணும். அப்பிடி ஒண்ணத்தான் தேடுறோம். அதுனால நாலு வரிசைக்கும் ஒரே தண்ணி, ஒரே எரு. கூடக் குறைய ஒரு செம்பு ஊத்தப்படாது. ரத்தினவேல், கேட்டீங்களா? ஒரு செம்பு."

ரத்தினவேல் தலையை ஆட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற செங்கமலமும் தலையை ஆட்டினாள். ஊத்தப்படாது என்று சர்க்கார் ஆள் சொன்னதுமே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. கூட ஊற்றினால் பிடித்துக்கொண்டு போவார்களோ?

முதல் வரிசை வாய்க்காலை ஒட்டி. அடுத்தது நடுவில். மூணாவது வீட்டுக் கொல்லைக்கு நேராக வந்து முடியும். நாலாவது வேலி ஓரம். இரண்டாவது கோடையில் மூணாவது வரிசை மட்டும் எலை சுருண்டு, நுனி காய்ந்து, பட்டையில் பிசின் வடிந்து நின்றது. காலையில் பார்த்தால் ஏதோ உயிர் இருக்கிற மாதிரி தெரியும். மத்தியானம் பார்த்தால் இல்லை.

"அந்த மூணாவது தேறாது புள்ள," என்றார் ரத்தினவேல், கஞ்சி குடித்துக்கொண்டே. "செத்தது செத்துப்போச்சுன்னு ஆபீசர்ட்ட சொல்லிருவோம். எது சாகும் எது நிக்கும்னு பாக்கத்தான நட்டுருக்கு?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வார்த்தையைச் செங்கமலம் ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறாள். அவர் சந்தைக்குப் போன அன்று முறம் நிறையத் தவிட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு கை தவிடு போட்டாள். "ஒன்னய நான் தவிட்டுக்கு வாங்கிட்டேன். இனிமே நீ சர்க்கார் புள்ள இல்ல, எம்புள்ள," என்று ஒவ்வொன்றின் காதிலும் சொன்னாள். கன்றுக்குக் காது எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியதைக் குனிந்து சொன்னாள், அவ்வளவுதான்.

பிள்ளை என்று வாங்கியபிறகு பட்டினி போட முடியுமா? ரத்தினவேல் கண்ணயரும் மத்தியான வேளையில் கிணற்றிலிருந்து குடம் குடமாக ஊற்றினாள். குளிக்கிற தண்ணீரை அந்தப் பக்கமாக வெட்டிவிட்டாள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து வேரில் விட்டாள். பசுவுக்குப் போக வேண்டிய கழுநீரில் பாதி அங்கேதான் போயிற்று. பசு மட்டும் வாய் திறந்து பேசியிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கித் துணி துவைப்பவள் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். பயந்துகொண்டே செய்தாளே தவிர, நிறுத்தவில்லை. அவள் பயம் அப்படிப்பட்டது.

மூணாவது வரிசை தேறியது. தேறியதென்ன, மற்ற மூன்றையும் தாண்டிக்கொண்டு போயிற்று. 1956ல் காய் பிடித்தது. மறு வருசம் கிளைக்குக் கிளை கவைக்குச்சி முட்டுக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பழம் ஒவ்வொன்றும் இரண்டு கை கொள்ளும். உரித்தால் சாறு முழங்கை வரைக்கும் வழியும். செங்கமலம் மரத்தைத் தடவித் தடவி நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பயமில்லாமல் ஒரு சந்தோசம் வந்தது. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஞானமணி வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "கீரனூர்ப் பக்கம் இந்த மூணாவது சரியாவே வரலங்க. அறந்தாங்கிப் பக்கம் பாதி போச்சு," என்றார். "கவனிப்பு பத்தலன்னு இப்பத்தான் தெரியுது. சரியான கையில இருந்தா எப்பிடி நிக்கிதுன்னு இங்கல்ல பாக்கணும்! ரத்தினவேல், இத நான் மேல எழுதப் போறேன். இந்த ஜில்லாவுக்கு இதுதான் ரகம்."

ரத்தினவேலின் மீசை அன்று சாயங்காலம் வரை இறங்கவில்லை. கதவுக்குப் பின்னால் செங்கமலமும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அங்கே செத்த மரம் இங்கே ஏன் நிற்கிறது என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது ரகத்தின் பலம் இல்லை. அவள் இடுப்பின் பலம்.

அப்போதுகூட, நம்மைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்ற பழைய பயம்தான். அசல் பயம் தை மாதம் கண்ணுசாமியோடு வந்தது. கண்ணுசாமி அவளுக்கு உடன்பிறந்த அண்ணன். திருவரங்குளம் பக்கம் பிறந்த வீடு. செவந்தியை அந்த வீட்டுக்கே, கண்ணுசாமியின் மகனுக்கே கட்டிக் கொடுத்திருந்தாள். ஆக, அவளுக்குப் பிறந்த வீடும் மகள் வீடும் ஒரே வீடு. கண்ணுசாமி மூணாவது வரிசைப் பழம் ஒன்றை உரித்துத் தின்றார். இன்னொன்றும் தின்றார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"கண்மாய்க்குக் கீழ கெடக்குற நஞ்சைய வித்துப்புடலாம்னு இருக்கேன் மாப்ளே. அந்தப் பணத்துல கெணத்த வெட்டி ஆழப்படுத்திட்டு, மேட்டுத் தோட்டம் பூராவும் இந்த மூணாவதையே போட்ருவேன். வார ஐப்பசிக்கு நடவு."

செங்கமலத்தின் கையிலிருந்த மோர்ச் செம்பு தரையில் உருண்டது. நஞ்சை போய்விட்டால் அந்த வீட்டுக்குச் சோற்றுக்கு வேறு வழி கிடையாது. காய்க்க ஐந்தாறு வருசம் ஆகும். தோட்டம் பூராவும் யார் குடம் தூக்குவது? அங்கே அந்த மரங்கள் எலை சுருண்டு நிற்பதும், செவந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த வாசலுக்குத் திரும்பி வருவதும் அவள் கண்ணெதிரே நடந்தது.

அன்றைக்கே புருசனிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனாள். "ஏங்க," என்றாள்.

"என்ன?"

"அந்த மூணாவது வரிசைக்கு…"

"அதான, ஆபீசரே அசந்துட்டாரு பாத்தியா? ஜில்லா பூராவும் நம்ம தோட்டத்து மரத்துக் கண்ண வெட்டி ஒட்டுக் கன்னு கட்டிக் கொடுக்கப் போறாங்களாம். வைகாசியில ஆளுகள எல்லாம் கூட்டி வச்சுக் காட்டுறாராம். எம்பேர அன்னைக்கி நாலு ஊரு பேசும் புள்ள." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆயுசில் யாரும் பேர் சொல்லாத மனிதர். செங்கமலம் வந்த வழியே திரும்பி அடுப்படிக்குள் போனாள்.

அண்ணனிடமாவது சொல்லலாம் என்று, பஸ்ஸுக்குள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து திருவரங்குளம் போய்ச் சேர்ந்தாள். தோட்டத்தில் குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள். வரிசை வரிசையாகச் செம்மண் குவியலும் குழியுமாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பிள்ளைகளைப் புதைத்த இடம் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, அவசரப்படாதீங்க. எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

கண்ணுசாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "ஒனக்கு எதுக்குத்தான் ஆத்தா பயமில்ல? செவந்திக்குக் கலியாணம் பேசுனப்பவும் பயமா இருக்குன்ன. இந்தக் கெணத்துல மொத வெடி வச்சப்பவும் பயமா இருக்குன்ன. கேப்பையப் பொதச்சவ தான நீயி? போ, போயிச் சாப்புடு."

நாளும் புலி வருது புலி வருது என்று கத்தினவள் கதை. நிசமாகவே புலி வந்து நிற்கிறது, திரும்பிப் பார்க்க ஆளில்லை. குடம் தூக்கிய கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது செவந்தி பேரனைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். பிள்ளை சிரித்தது. சொன்னால் மகளுக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை இருக்கும்? ஊரையே ஏமாத்தினவள் மகள் என்று ஒரு பேச்சு வந்துவிடாதா? சொல்லாவிட்டால் சோறு இருக்காது, சொன்னால் மானம் இருக்காது. செங்கமலம் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். நாம் ஏன் சொல்ல வேண்டும்? மரமே சொல்லட்டும். பங்குனி பிறந்ததும் மூணாவது வரிசைக்குத் தனியாக ஊற்றுவதை நிறுத்தினாள். புண்ணாக்கு இல்லை, கழுநீர் இல்லை. குளித்த தண்ணீரை மறுபக்கம் வெட்டிவிட்டாள். பசுவுக்கு மட்டும் நல்ல காலம் பிறந்தது. இத்தனை வருசம் ஊட்டி வளர்த்ததைப் பட்டினி போடுவது லேசான காரியமில்லை. மத்தியானமானால் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, அதைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணி கேட்கிற மாதிரியே இருந்தது. வாய்விட்டு அழுதாள்.

சித்திரையில் மூணாவது வரிசை எலை சுருண்டது. பிஞ்சு உதிர்ந்தது. ஊர் பார்க்கட்டும், அண்ணன் பார்க்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பார்த்தவர் ரத்தினவேல். "அடப் பாவிகளா, கண்ணு வச்சுட்டாய்ங்கடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வருகிறவன் போகிறவன் எல்லாம் பழத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் காரணம் என்று முடிவு கட்டி, கிளைக்கொரு பிய்ந்த செருப்பையும் தேய்ந்த விளக்குமாற்றையும் கட்டித் தொங்கவிட்டார். பூசணிக்காய் உடைத்தார். அடுத்து வந்தது கோடை மழை. இரண்டு நாள் விடாமல் அடித்தது. சுருண்ட எலையெல்லாம் விரிந்துகொண்டது. "பாத்தியா, திஷ்டி கழிஞ்சுருச்சு," என்றார் அவர். செங்கமலம் வாசலில் நின்று மழையை வைதாள். மழையை வைத சம்சாரி பெண்டாட்டி அந்தச் சீமையிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வைகாசியில் அந்த நாள் வந்தது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து சம்சாரிகள் வந்து தோட்டத்தில் நின்றார்கள். கண்ணுசாமி செவந்தியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். நஞ்சைக்கு ஆள் அமைந்துவிட்டது, வருகிற வாரம் பத்திரம் எழுதுகிறார்கள் என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். ரத்தினவேல் சலவை வேட்டி கட்டியிருந்தார். ஞானமணி மூணாவது வரிசைக்கு முன்னால் நின்று பேசினார். ஒன்றை மூன்று தரம் சொல்கிற வழக்கப்படி, இதுதான் ரகம், இதுதான் ரகம் என்றார். பிறகு மடக்குக் கத்தியை விரித்து, ஒட்டுக் கட்டுவதற்கான துளிர்க் கண் எடுக்க ஒரு குச்சியைப் பிடித்து வளைத்தார்.

இந்தக் குச்சி போனால் அண்ணன் தோட்டத்துக்குத்தான் போகும். செங்கமலத்துக்கு யாரோ ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. அது தான்தான் என்பது, ஆபீசரின் கையை எட்டிப் பிடித்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"வெட்டாதீங்க சாமி! அது பொய்யி!"

சர்க்கார் ஆளின் கையைப் பிடித்த பெண்பிள்ளையை யாரும் அதுவரை பார்த்ததில்லை. ரத்தினவேல், "ஏய், என்னடி இது?" என்று பாய்ந்து வந்தார். அவள் கையை விடவில்லை.

"நான் ஊத்துனேன். மத்தியானம் மத்தியானம் கொடத்துல ஊத்துனேன். புண்ணாக்குப் போட்டேன். சாகக் கெடந்துச்சு, பாக்கப் பொறுக்கல, தவிட்டுக்கு வாங்கிட்டேன். இந்தப் பங்குனி வரைக்கும் ஊத்துனேன். ஊத்தாம விட்டதும் மறுபடியும் காஞ்சுச்சு, கோட மழதான் காப்பாத்துச்சு. இத நம்பி நெலத்த விக்காதீங்க அண்ணே. அங்க ஊத்துறதுக்கு நான் இல்ல. எம்மக சோத்துக்கு நிப்பா." ஒரே மூச்சில் சொன்னாள். செவந்தி ஓடி வந்து ஆத்தாளைத் தாங்கிப் பிடித்தாள்.

ஞானமணி கத்தியை மடக்கினார். போய்க் கமலைக் கல்லில் உட்கார்ந்தார். "கீரனூர்ல போச்சு. அறந்தாங்கியில போச்சு," என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "ரெண்டு எடத்துலயும் மரம் நெசத்தச் சொல்லிருக்கு. நான் அங்க உள்ள ஆளுகளக் குத்தம் சொல்லி மேல எழுதிட்டேன்." அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது தெரிந்தது. தலையைத் தூக்கி, "மத்த வரிசைகளாவது சுத்தமா இருக்கா? ரத்தினவேல், நீங்க சொல்லுங்க," என்றார்.

ரத்தினவேல் சலவை வேட்டியின் நுனியைத் திருகினார்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"நாலாவதுக்கு மட்டும்," என்றார் ரத்தினவேல். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "வேலியோரம் நிக்கிது, போறவன் வாரவன் கண்ணுல மொதல்ல அதுதான் படும். நோஞ்சானா நின்னா நம்மளத்தான பேசுவாய்ங்க? அப்பப்ப ஒரு கூடை ஆட்டுப்புழுக்க போட்டேன். அவளுக்குத் தெரியாது."

செங்கமலம் பயத்தை மறந்து புருசனைப் பார்த்தாள். ஒரே தோட்டத்தில், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் திருட்டுத்தனமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர் குபீரென்று சிரித்தார். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஞானமணி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் முதல் வரிசைப் பக்கத்து வாய்க்கால் கரையைக் காலால் தட்டிப் பார்த்தார். கரை அங்கங்கே உடைந்து, எப்போதும் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. பேச்சுக்கே இடமில்லை, முதல் வரிசைக் கணக்கும் போயிற்று.

"அப்ப ரெண்டாவது?" என்றார். "ரெண்டாவதுக்கு யாரு என்ன செஞ்சீங்க?"

புருசனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரத்தினவேல் உதட்டைப் பிதுக்கினார். எல்லோரும் இரண்டாவது வரிசைக்கு நடந்தார்கள். அங்கே யாரும் அதுவரை நின்று பார்த்ததில்லை. பார்க்கும்படி ஒன்றும் கிடையாது. நடுத்தர உயரம், நடுத்தரக் காய். கிளை முறியக் காய்க்கவும் இல்லை, காய்க்காமல் இருக்கவும் இல்லை. பங்குனி வெயிலில் எலை சுருளவில்லை, மழைக்குப் பிறகு துள்ளவும் இல்லை. ஒரு செருப்புகூட அதில் தொங்கவில்லை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இது ஒரு நாளும் அழவில்லை, அதனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞானமணி ஒரு கிளையைக் கையில் பிடித்து எலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீரனூர்லயும் இப்பிடித்தான் நிக்கிது," என்றார் மெதுவாக. "அறந்தாங்கியிலயும் இப்பிடித்தான். போன வருசமும் இப்பிடித்தான். எங்கயும் பிரமாதமா இல்ல, எங்கயும் மோசமா இல்ல. நான்தான் பெரிய பழத்தத் தேடிக்கிட்டு இதப் பாக்காமப் போனேன்."

கண்ணுசாமி நஞ்சையை விற்க வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். தங்கச்சி பக்கம் அவர் திரும்பியதும் செங்கமலம் செவந்தியின் பின்னால் ஒதுங்கினாள். அடிப்பார் என்றே நினைத்தாள். சின்ன வயசிலும் அவர் அவளை அடித்ததில்லை, இருந்தாலும் நினைத்தாள்.

"செங்கமலம், இங்கிட்டு வா. நெசத்தச் சொல்லு," என்றார் அவர். "இடிக்குப் பயந்த, பஸ்ஸுக்குப் பயந்த, ராசா போனதுக்குப் பயந்த. இந்தத் தோட்டத்துல மூணாவதுக்குப் பயந்து பயந்து கொடம் தூக்குன. இந்த ரெண்டாவது வரிசை செத்துப்போகுமோன்னு ஒரு நாளாச்சும் பயந்தியா?"

செங்கமலம் யோசித்துப் பார்த்தாள். நட்ட நாளிலிருந்து ஒவ்வொரு கோடையாக நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு தேடியும் அப்படி ஒரு நாள் அகப்படவில்லை.

"இல்லண்ணே," என்றாள். "நெனைக்கக்கூட இல்லியே."

"நஞ்ச இருக்கட்டும். விக்கல," என்றார் கண்ணுசாமி ஆபீசரைப் பார்த்து. "இருக்குற தண்ணிக்குப் பாதித் தோட்டத்துல இந்த ரெண்டாவதப் போடுறேன். எந்தங்கச்சியே பயப்படாத மரம்னா அதுக்கு மேல எனக்கு என்னங்க வேணும்? கண்ண எடுங்க."

அந்த ஐப்பசியில் கண்ணுசாமி நட்டார். நட்டதிலிருந்து செங்கமலத்துக்குப் புதுப் பயம் பிடித்தது. தன் வாயால் சொல்லி நட்ட மரம். அண்ணன் தோட்டத்துப் பக்கமே அவள் போகவில்லை. திருவரங்குளம் போனால் வீட்டோடு இருந்துவிட்டு, தோட்டம் இருக்கிற திசையில் முகத்தைக்கூடத் திருப்பாமல் பஸ் ஏறிவிடுவாள். யாராவது மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் காதைப் பொத்திக்கொள்வாள்.

காய் பிடித்து முதல் பழம் பழுத்தது 1964ல். மழை குறைந்த வருசம் அது. செவந்தி வந்து ஆத்தாளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். மரங்கள் அதே நடுத்தர உயரத்தில், அதே நடுத்தரக் காயோடு நின்றன. செவந்தி ஒன்றைப் பறித்து உரித்துச் சுளையை நீட்டினாள். செங்கமலம் வாங்கவில்லை. மரத்தடி மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள். பிறகு மகளின் இடுப்பைப் பார்த்தாள், குடம் வைத்த தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

"இதுக்கு நீ தனியா எவ்வளவு ஊத்துன? எங்கிட்ட மறைக்காமச் சொல்லிரு."

"நான் எதுக்கு ஆத்தா ஊத்துறேன்? எனக்கு வீட்டுல வேற வேல இல்லையா?" என்றாள் செவந்தி. "வாய்க்காத் தண்ணிதான் பாயுது. நாங்க யாரும் இந்தப் பக்கமே வாரதில்ல."

அதைக் கேட்டபிறகுதான் செங்கமலம் சுளையை வாங்கி வாயில் போட்டாள்.